மாத்திரைச் சீட்டு எழுதுமுன் பல்லைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் மார்ச் மாதம் அறிவுசார் குறைபாடு விழிப்புணர்வு மாதம். அக்டோபர், மனநல விழிப்புணர்வு மாதம். மார்ச்சில் பள்ளிக்கூடம், உதவித்தொகை, கைத்தொழில் என்று பேசுவார்கள். அக்டோபரில் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை என்று பேசுவார்கள். அறிவுசார் குறைபாடும் இருந்து மனமும் நொந்து கிடப்பவரைப் பற்றி இரண்டு மாதத்திலும் பேச்சில்லை. டர்பன் பக்கத்தில் இவர்களோடு வேலை பார்க்கும் எங்கள் இருவருக்கும் இது பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் ஓடுகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தடுமாறும் பிள்ளைக்கும் அந்தப் பெயர். புரிந்துகொள்வதும் பேசுவதும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வதும் சிறு வயதிலிருந்தே மெதுவாக வருபவருக்கும் அந்தப் பெயர். நாங்கள் எழுதுவது இரண்டாமவரைப் பற்றி. அது நோயல்ல, மருந்தால் மாறுவதும் அல்ல. மனநோய் வேறு, அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் ‘மூளை சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம், நிறையவே வருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறிவுசார் குறைபாடு உள்ள 1,023 பெரியவர்களைப் பார்த்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்களின் கணிப்புப்படி 40.9 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. முரட்டு நடத்தையையும் சேர்த்த கணக்கு அது. சேர்க்காமல் விட்டாலும் ஊரில் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம்தான்.

இத்தனை பேருக்கு இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை? வீட்டிலும் கிளினிக்கிலும் ஒரே வாக்கியம் காத்திருக்கிறது: ‘அவன் அப்படித்தான்.’ சாப்பிடாமல் இருந்தாலும், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தாலும், கடித்தாலும், கத்தினாலும் பழி முழுக்கக் குறைபாட்டின் தலையில். ஆறு மாதம் முன்னால் அவன் அப்படி இல்லையே என்று கேட்க ஆளில்லை.

இது எப்படி முற்றுகிறது என்று ஒரு சுற்றைக் காட்டுகிறோம். கடைவாய்ப் பல்லில் சொத்தை. சொல்லத் தெரியவில்லை. கன்னத்தில் அறைந்துகொள்கிறார், சோற்றுத் தட்டைத் தள்ளுகிறார். ‘முரடு’ என்று கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார்கள், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை எழுதுகிறார்கள். இரண்டொரு வாரத்தில் தாடையும் கை காலும் விறைக்கின்றன, அல்லது உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். அந்த நடையே மருந்தின் பக்கவிளைவு; வீட்டார் அதையும் முரட்டுத்தனத்தில் சேர்க்கிறார்கள். விறைப்புக்கு ஆர்ஃபினட்ரின் என்ற மாத்திரை வருகிறது. அது வாயை உலரவைக்கும், மலத்தைக் கட்டும். வாய் உலர்ந்தால் சொத்தை இன்னும் வேகமாகப் போகும். ஐந்தாம் நாள் வயிறு கல்லாகிறது, இரவு தூக்கமில்லை, தலையைச் சுவரில் மோதுகிறார். ஹாலோபெரிடால் அளவு கூடுகிறது. பல் அப்படியே இருக்கிறது.

ஆகவே குணம் மாறினால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ஒரே பக்கம் மெல்லுகிறாரா, குளிர்ந்த தண்ணீரைத் தவிர்க்கிறாரா, எச்சில் புதிதாக வழிகிறதா, வாய் நாறுகிறதா. காதை இழுத்தால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், குறும்பி அடைத்திருக்கலாம்; வீட்டில் குச்சியை விட்டுக் குடையாமல் கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனால் மலச்சிக்கல். இது இவர்களில் உயிரையே எடுத்திருக்கிறது, சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அடிக்கடி நனைத்துக்கொண்டால் சிறுநீரில் தொற்றா, சர்க்கரையா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்குத் தேதியோடு கோபத்தின் தேதியை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் சோர்ந்து, எடை கூடி, பேச்சும் குறைந்தால் மனச்சோர்வு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைவது அவர்களுக்குச் சாதாரணம். ஓர் இரத்தப் பரிசோதனை போதும். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று தூங்குகிறவர் பகலெல்லாம் எரிச்சலாகத்தான் இருப்பார். நாற்பதைத் தாண்டியவர் தெரிந்த வேலையை மறக்கத் தொடங்கினால் அல்சைமர் மறதிநோயையும் நினைக்க வேண்டும். மூளையில் படியும் அமிலாய்டுப் புரதத்துக்கான மரபணு 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது, அவர்களிடம் அது ஒரு பிரதி கூடுதல், அதனால்தான் இத்தனை சீக்கிரம். முப்பது வயதிலேயே என்னென்ன தானாகச் செய்கிறார் என்று எழுதிவைத்தால், பின்னால் எது போயிற்று என்று காட்ட முடியும். சட்டை பித்தான் போடுவது, டீ போடுவது, கோயிலுக்கு வழி சொல்வது போன்றவை. கைப்பேசியில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

வலிப்பும் கணக்கில் வர வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்குக் கடுமையான எரிச்சலைக் கொண்டுவரும். மாத்திரை தொடங்கிய தேதியும் கோபம் தொடங்கிய தேதியும் அருகருகே இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலி எங்கே என்று கேட்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 

‘வலிக்குதா தம்பி?’ 
‘ம்.’ 
‘வலி இல்லையா?’ 
‘ம்.’ 
‘தலை வலிக்குதா, வயிறு வலிக்குதா?’ 
‘வயிறு.’ 
‘வயிறா, தலையா?’ 
‘தலை.’

பொய் சொல்லவில்லை. பெரியவர் கேட்டால் ஆமென்று சொல்லிப் பழகியிருக்கிறார். இரண்டில் ஒன்று என்றால் காதில் கடைசியாக விழுந்ததைச் சொல்கிறார். அதனால் ஒரே கேள்வியை இரண்டு வரிசையிலும் கேளுங்கள். விடை மாறினால் அந்த விடை செல்லாது. வாய்க்கேள்வியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக் ‘காட்டு’ என்று சொல்லுங்கள், அல்லது உடம்புப் படத்தில் தொடச் சொல்லுங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். நாம் மூன்றாவது வினாடியிலேயே கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்கிறோம். அவர் முதல் கேள்வியைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் இரண்டாவது கேள்வி வந்து இடிக்கிறது. டாக்டர்களுக்கும் இதைச் சொல்லலாம். பல டாக்டர்கள் அம்மாவைப் பார்த்தே பேசி முடித்துவிடுகிறார்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூட நோட்டு போதும். பக்கத்தை நான்காகக் கோடு போடுங்கள்: நாளும் மணியும், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். பதினான்கு நாள் எழுத வேண்டும். ‘கோபம் வந்தது’, ‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் அந்தப் பக்கம் வீண். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘செவ்வாய் மாலை 5.20. டீவியை அணைத்து அத்தை குளிக்கக் கூப்பிட்டார். தம்ளரை எறிந்தான், குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டான். குளியல் நாளைக்கு என்று விட்டாச்சு.’ நான்காவது கட்டத்தைக் கவனியுங்கள்: எறிந்தால் குளியல் நிற்கிறது என்று அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அது பாதிக் கதை. பதினான்கு நாளையும் புரட்டினால் எறிந்த ஐந்து நாளும் மின்வெட்டு நாள் என்று தெரியலாம்; கீசர் ஓடாத நாளில் தண்ணீர் பச்சைத் தண்ணீர். அந்த வீட்டுக்கு மருந்து வேண்டாம், அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் வேண்டும். அதே நோட்டின் பின்பக்கத்தில் தூங்கிய மணி, மலம் கழித்த நாள், வலிப்பு, மாதவிலக்கு, மாதம் ஒருமுறை அதே தராசில் எடை. இந்தப் பக்கத்தோடு கிளினிக்குக்குப் போனால் டாக்டர் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மனச்சோர்வு இவர்களிடம் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்ற வாக்கியமாக வருவது குறைவு. தெரிந்த வேலை கைவிட்டுப் போகும்: பல் விளக்குவதை நிறுத்துவார், விரும்பிப் போன கைத்தொழில் பட்டறைக்கு வண்டி வந்தாலும் ஏறமாட்டார். விடியலில் விழித்துக்கொள்வார். முன்பு இல்லாத கத்தலும் கடியும் வரும். பதற்றமோ ஒரே கேள்வியாக வரும். ‘அம்மா எப்போ வருவா?’ நாற்பது முறை கேட்பார், நாற்பது முறை ‘நாளைக்கு’ என்கிறோம். நாளை என்பது கையில் பிடிக்க முடியாத சொல். ஒரு கயிற்றைக் கட்டி ஏழு துணிக்கிளிப் மாட்டுங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. அம்மா வரும் நாளின் கிளிப்பில் அம்மாவின் போட்டோ. தினம் காலை ஒரு கிளிப்பை அவரே கழற்றட்டும். அடுத்த முறை கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் கயிற்றுக்கு அழைத்துப் போங்கள். கடையில் விற்கும் கேலிச்சித்திர அட்டைகளைவிட உங்கள் வீட்டுக் குவளையை, உங்கள் வீட்டு வண்டியைப் பிடித்த போட்டோதான் வேலை செய்யும். ஒன்று சொல்ல வேண்டும்: சொன்ன நாளில் அம்மா வராவிட்டால் அந்தக் கயிற்றை அவர் மறுபடி நம்பமாட்டார். உறுதி இல்லாத நாளுக்கு போட்டோ மாட்டாதீர்கள்.

எங்களிடம் வரும் குடும்பங்களில் மறைத்து வைக்கப்படும் காரணம் ஒன்று உண்டு: சாவு. அப்பா தவறிவிடுகிறார். ‘இவன் தாங்கமாட்டான்’ என்று தம்பியை அண்டை வீட்டில் விடுகிறார்கள். அப்பா எங்கே என்றால் ‘தூங்குறாரு’, ‘சாமிகிட்ட போயிருக்காரு’, ‘ஜோபர்க்கு வேலைக்குப் போயிருக்காரு’. தூங்குகிறார் என்று கேட்டவர் தானும் தூங்கப் பயப்படுகிறார். ஜோபர்க் என்று கேட்டவர் ஒவ்வொரு காருக்கும் வாசலுக்கு ஓடுகிறார். கருமாதி முடிந்து, வந்த சொந்தமெல்லாம் போய், அம்மாவும் ஒருவாறு தேறிய பிறகு, ஐந்தாறு மாதம் கழித்து இவர் சட்டையைக் கிழிக்கத் தொடங்கும்போது யாரும் அப்பாவை நினைப்பதில்லை.

நேராகச் சொல்லுங்கள். ‘அப்பா செத்துப்போயிட்டாரு. அவர் உடம்பு இனி வேலை செய்யாது. மூச்சு இல்லை. வலி இல்லை. திரும்பி வரமாட்டாரு. எங்களுக்கும் அழுகை வருது.’ ஒரு நாளில் பலமுறை அதே சொற்களைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு சொல்லில் மாற்றிச் சொல்லாதீர்கள். உடலைப் பார்க்க விரும்புகிறாரா என்று கேளுங்கள், விருப்பமில்லை என்றால் விடுங்கள். கிளேர் எஸ்டேட் சுடலைக்கு அழைத்துப் போவதானால் முந்தின நாளே அங்கே என்ன இருக்கும் என்று சொல்லிவையுங்கள்: பெட்டி, பூ, தேவாரம், அழுகிறவர்கள், கதவு மூடும், பிறகு அப்பாவின் உடம்பைப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே நிற்க, வேண்டுமென்றால் வெளியே கூட்டிப்போக, ஒருவரை அவருக்கென்றே ஒதுக்குங்கள். அழுதுகொண்டிருக்கும் அண்ணன் அந்த வேலைக்கு ஆகமாட்டான். வாய்க்கரிசி போடவும் கற்பூரம் ஏற்றவும் அவருக்கும் கை இருக்கிறது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அப்பாவின் பொருள் ஒன்று அவருடையதாக இருக்கட்டும், தொப்பியோ கைக்கடிகாரமோ. திதி வரும் மாதத்தை நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த வருடம் அந்த வாரத்தில் குணம் மாறினால் வியப்படைய வேண்டியதில்லை.

இன்னொரு இடறல் பதினெட்டு வயதில். அதே ஆண்டில் சிறப்புப் பள்ளி முடிகிறது, பள்ளி வேன் வருவது நிற்கிறது, நண்பர்கள் இல்லை. காலை ஏழு மணிக்கு உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அதே பதினெட்டில், கடும் குறைபாடு உள்ள பிள்ளையை வளர்ப்பவருக்கு அரசு தரும் பராமரிப்புச் சார்பு உதவித்தொகை நின்றுபோகும். அது தானாக ஊனமுற்றோர் உதவித்தொகையாக மாறாது. சாசா (அரசின் சமூக உதவித்தொகை முகமை) அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவ மதிப்பீட்டு அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிறந்தநாளுக்கு முன்பே கிளினிக்கில் மதிப்பீட்டுக்கு நாள் வாங்கிவிடுங்கள். முழுநேரமும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்குக் கூடுதல் துணைத்தொகையும் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். பணம் பற்றிய பேச்சு மனநலக் கடிதத்தில் எதற்கு என்று கேட்கலாம். வருமானம் நின்ற வீட்டில் முதலில் நிற்பது பட்டறைக்குப் போகும் டாக்ஸிக் கட்டணம். அது நின்றால் அவர் நாள் முழுக்க நான்கு சுவருக்குள். பட்டறையில் கிளிப் எண்ணிப் பையில் போடுவது அற்ப வேலையாகத் தோன்றும். அவருக்கு அது திங்கட்கிழமை என்ற ஒன்று இருப்பதற்கான காரணம்.

பேச்சு வைத்தியம் இவர்களுக்கு ஏறாது என்பது டாக்டர்களிடமே இருக்கும் தப்பெண்ணம். பிரிட்டனில் மனச்சோர்வும் அறிவுசார் குறைபாடும் உள்ள 161 பெரியவர்களிடம் இரண்டு வகைப் பேச்சு வைத்தியத்தை ஒப்பிட்டு 2017ல் முடிவு வெளியிட்டார்கள்: ஒன்று விருப்பமான வேலைகளை மறுபடி அன்றாடத்தில் கொண்டுவருவது, மற்றது படக் கையேட்டை வைத்துத் தானே கற்றுக்கொள்வது. ஒன்று மற்றதைவிட மேலாக இல்லை, இரண்டு பக்கமும் தேறினார்கள். இரண்டிலும் வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ தெரிந்த ஒருவர் கூடவே உட்கார்ந்தார். எங்கள் அனுபவத்திலும் அந்தத் துணை ஆள்தான் பாதி வைத்தியம். ஒரு மணி நேரத்தை இருபத்தைந்து நிமிடமாகக் குறைத்து, உணர்ச்சிக்கு நான்கு முகப் படங்களோடு நிறுத்திக்கொண்டால் (சந்தோஷம், துக்கம், கோபம், பயம்) நடக்கும்.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையான மனநோய்க்கு மருந்து உயிர்காக்கும். ஆனால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015ல் கணக்கிட்டபோது, தக்க மருத்துவக் காரணமில்லாமல் தினமும் மனநல மருந்து சாப்பிடும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 30,000 முதல் 35,000 பேர் வரை இருக்கலாம் என்று வந்தது. மறு ஆண்டே அதைக் குறைக்க அங்கே இயக்கம் தொடங்கினார்கள். மூர்க்க நடத்தைக்கு மருந்து கொடுத்தால் ஆறு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்து என்பது 2015ஆம் ஆண்டு அந்நாட்டில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. இங்கே ஆறு வருடம் கழித்தும் அதே சீட்டு மறுபடி மறுபடி எழுதப்படுகிறது. எந்த அறிகுறிக்கு இந்த மாத்திரை, பலித்ததா என்று எதை வைத்துப் பார்ப்போம், எப்போது மறுபரிசீலனை, எந்தப் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும், எப்படிக் குறைப்போம்: இந்த ஐந்தையும் கேட்டு விடையைச் சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை ஏற்கெனவே வீட்டுக்கு வீடு. தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை; மூன்று மாதத்தில் மறுபடி.

காவடி நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும் இது எங்களைத் தேடி வரும் கேள்வி. கூட்டிப்போகலாம், போக வேண்டும், கோயிலும் அவருடையதுதான். ஆனால் உடுக்கையும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சிலருக்குக் காதில் கத்தி. கூட்டம் சேருமுன் விடியலில் கூட்டிப்போங்கள், காதுமூடி வாங்கி வீட்டிலேயே ஒரு வாரம் பழக்குங்கள், வெளியே நிழலில் காரை நிறுத்தி ‘வெளியே போகணும்’ என்பதற்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவரின் வலிப்பு மாத்திரையை விரதத்தில் சேர்க்காதீர்கள். ராத்திரித் தூக்கமில்லாமை, வெயில், தவறிய மாத்திரை மூன்றும் சேர்ந்தால் வலிப்பு வரும். அதை அருள் வந்தது என்று சுற்றி நின்று பார்க்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் ஒன்றும் ஆகாது, வாயில் எதையும் நுழைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 10177க்கு ஆம்புலன்ஸ்.

நிலைமை கைமீறி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று வந்தால் 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எண் 17 இருக்கிறது. விருப்பமில்லாதவரை மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிப்பவர் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர், காப்பாளர் போன்றவராக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு 72 மணி நேர மதிப்பீடு. அந்த மூன்று நாளும் பழகிய ஒருவர் கூட இருக்க அனுமதி கேளுங்கள். பேச வராதவரைத் தனியாக அந்த வார்டில் விட்டால் மதிப்பிடப்படுவது நோய் அல்ல, பயம்.

சொல்லக் கூசுவதால் யாரும் எழுதாத ஒரு காரணமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டதும் ஒடுங்கினால், உள்ளாடை மாற்றவிடாமல் போராடினால், புதிதாக நனைத்துக்கொண்டால், யாரோ தொட்டிருக்கலாம் என்று நினைக்க வேண்டும். மனக் குறைபாடு உள்ளவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் எண் 32 கட்டாயமாக்குகிறது. மானம் போகும் என்று மறைத்தால் அதுவும் குற்றம். குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துதுசேலா மையத்துக்குப் போங்கள், சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது.

கடைசியாக ஒரு காகிதம். 2015 அக்டோபரில் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறை, மனநோயாளிகளை நீண்டநாள் பராமரித்துவந்த லைஃப் எசிடிமேனி என்ற தனியார் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்து, அங்கிருந்த சுமார் 1,700 பேரை இடம் மாற்றியது. 144 பேர் இறந்தார்கள் என்று நீதிபதி மொசெனெகெ தலைமையில் நடந்த விசாரணையில் உறுதியாயிற்று. அவர்களில் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர்கள் இருந்தார்கள். சிலர் மருத்துவக் கோப்பு இல்லாமல் வண்டியில் ஏற்றப்பட்டார்கள். இவர் என்ன சாப்பிடுவார், எந்த மாத்திரை, வலித்தால் என்ன செய்வார் என்று வாங்கிக்கொண்ட இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெருங்குற்றம் அரசாங்கத்துடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வீட்டிலும் அந்த விவரமெல்லாம் ஒரு அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்த அம்மா எழுபது வயதில் தானே ஆஸ்பத்திரியில் படுத்தால் அடுத்த நாள் காலை அண்ணிக்கு ஒன்றும் தெரியாது.

உங்களிடம் கேட்பது இதுதான்: கீழே உள்ளதை வெட்டி எடுக்கும்படி ஒரு கட்டத்துக்குள், பெரிய எழுத்தில், வெற்று வரிகளோடு அச்சிடுங்கள். சில வீடுகளில் பார்த்துக்கொள்வது தமிழ் மட்டும் சரளமாகப் படிக்கும் ஆயாதான், அதனால் தமிழில். பின்பக்கம் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும், நர்ஸ் படிக்க வேண்டுமே.

என்னை எப்படிக் கூப்பிட வேண்டும். எனக்கு எந்த மொழி, எத்தனை சொல் புரியும். ‘ஆம்’ என்பதற்கு நான் என்ன செய்வேன், ‘வேண்டாம்’ என்பதற்கு என்ன செய்வேன். வலித்தால் நான் எப்படி இருப்பேன். நல்ல நாளில் நான் எப்படி இருப்பேன். என்ன சாப்பிடுவேன், எந்தப் பதத்தில், எதில் புரையேறும். என் மாத்திரைகள், அளவு, மணி, எதற்காக. எனக்கு ஒவ்வாதவை. எனக்குப் பயம் தருபவை, என்னை அமைதிப்படுத்துபவை. எத்தனை மணிக்குத் தூங்குவேன், விளக்கு எரிய வேண்டுமா. நான் சாவில் இழந்தவர்கள் யார், எப்போது. முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் இல்லையென்றால் யாரை. இது எழுதிய தேதி.

ஒரு நகல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒன்று அவர் பையில், ஒன்று பட்டறையில். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிட வேண்டும். பழைய மாத்திரைப் பெயர் உள்ள தாள், தாளே இல்லாததைவிட மோசம்.

இப்படிக்கு,
அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு பணிபுரியும் இருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.